டிராக்டர் கூலண்ட்: கேனில் எத்தனை காலம் கெடாமல் இருக்கும்?

விதை வாங்கினால் மூட்டையில் உள்ள காலாவதி நாளைப் பார்க்கிறோம். பூச்சி மருந்து வாங்கினால் புட்டியைத் திருப்பிப் பார்க்கிறோம். உரமூட்டை ஈரம் குடித்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கிறோம். ஆனால் மோட்டார் அறையின் மூலையில், பழைய சாக்குகளுக்கு நடுவே, பச்சையாகவோ சிவப்பாகவோ பாதி நிரம்பிய ஒரு கேன் நிற்கிறதே, அதை என்றைக்கு வாங்கினோம், அது இன்னும் நல்லதாக இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? டிராக்டர் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டைத்தான் சொல்கிறேன்.

பயிரைப் பற்றி எழுத வேண்டிய உழவியல் ஆசிரியர் ரேடியேட்டரைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. ஏர் மாடு கட்டிய காலத்தில் ஒரு மாடு நோயுற்றால் பக்கத்து வீட்டு மாட்டை இரவல் வாங்கி உழுதோம். இன்று திருமங்கலம், கள்ளிக்குடி, தே. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழை பெய்து, மண் பதம் வந்து, விதைக்கக் கிடைப்பது சில நாட்களே. அந்த நாட்களில் ஊரில் உள்ள எல்லா டிராக்டருக்கும் வேலை இருக்கும். நம் வண்டி நின்றுவிட்டால் இரவல் கொடுக்க எவரிடமும் வண்டி இராது. பட்டம் தவறிய பயிருக்கு எந்த உரம் போட்டும் ஈடு செய்ய முடியாது. ஆகவே எஞ்சினின் சூடும் உழவியல் பாடத்தில் ஒரு பகுதிதான்.

எங்கள் வீட்டில் நடந்தது

கல்லுப்பட்டிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. சித்தப்பாதான் பார்த்து வருகிறார். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஒரு பெரிய கேன் கூலண்ட் வாங்கினார். பாதியைப் பயன்படுத்திவிட்டு, மீதியை ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மோட்டார் அறையில் வைத்தார். மூடி எங்கோ தொலைந்துபோக, வாயில் துணியை அடைத்து வைத்திருந்தார். நான்கு கோடை அதன்மேல் கடந்தன.

ஒரு புரட்டாசியில், மழை எதிர்பார்த்திருந்த வாரத்தில், ரேடியேட்டர் ரப்பர் குழாய் கசிந்து நீர் குறைந்துவிட்டது. சித்தப்பா குழாயை மாற்றிவிட்டு, அந்தப் பழைய கேனில் இருந்ததை ஊற்றி, குறைந்த அளவுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றினார். மூன்றாம் நாள் உழவில் வெப்பமானியின் முள் சிவப்புக்குப் போனது. மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றியபோது, அதன் மெல்லிய குழாய்களில் ஆறிய கஞ்சிபோல வழவழப்பான ஒரு பொருள் அடைத்திருந்தது. சிலிண்டர் ஹெட் கேஸ்கட்டும் போயிருந்தது. வண்டி மீண்டும் ஓட நான்கு நாளாயிற்று. அதற்குள் மழை பெய்து அக்கம்பக்கத்தார் விதைத்து முடித்துவிட்டார்கள். எங்கள் நிலத்தில் விதை விழுந்தபோது மேல் ஈரம் காய்ந்திருந்தது. பயிர் திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது.

பழைய கூலண்ட் ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். உப்புத் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்று கண்ணால் கண்டேன். வீட்டுக்குள்ளேயே பாடம் கிடைத்ததால்தான் இதை எழுதுகிறேன்.

கூலண்டில் என்ன இருக்கிறது?

கூலண்டில் மூன்று பொருள்கள் முக்கியமானவை. முதலாவது எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம். கேனில் பெரும்பகுதி இதுதான். இது தூய நிலையில் ஏறத்தாழ 197 டிகிரி செல்சியசில்தான் கொதிக்கும். இரண்டாவது தண்ணீர். மூன்றாவது, அளவில் மிகக் குறைந்ததும் வேலையில் மிகப் பெரியதுமான துருத்தடுப்பு மருந்துகள். இவற்றோடு, கசிவு எளிதில் தெரிவதற்காகவும் ஒரு வகையை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவதற்காகவும் சாயம் சேர்த்திருப்பார்கள்.

எத்திலீன் கிளைக்கால் 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வாகனங்களுக்கு ஏற்ற உறைதடுப்பு திரவமாகக் கடைக்கு வந்தது. குளிர்நாடுகளில் ரேடியேட்டர் நீர் உறைந்து எஞ்சின் வெடிக்காமல் காப்பதே அதன் முதல் வேலை. இதனால்தான் ‘நம் மதுரையில் பனியா உறைகிறது? நமக்கு எதற்குக் கூலண்ட்?’ என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் நமக்கு வேண்டியது அதன் மற்ற இரண்டு குணங்கள்.

ஒன்று, கொதிநிலை. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கிளைக்காலும் நீரும் சரிபாதி கலந்தால் ஏறத்தாழ 107 டிகிரி வரை கொதிக்காது. ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் இதை இன்னும் உயர்த்தும். சித்திரை வெயிலில், ரோட்டவேட்டர் பூட்டி, வண்டி மெதுவாக நகரும்போது இந்தச் சில டிகிரிகள் பெரிய உதவி.

இரண்டாவது, துருத்தடுப்பு. எஞ்சினுக்குள் வார்ப்பிரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, ஈயப்பற்று என்று பல உலோகங்கள் ஒரே நீரில் நனைந்து கிடக்கின்றன. வெறும் நீர் இருந்தால் ஒன்றை ஒன்று அரிக்கும். மேலும் பல டீசல் எஞ்சின்களில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேராக நீரில் நிற்கிறது. எஞ்சின் ஓடும்போது லைனர் நுண்ணிய அளவில் அதிர்கிறது. அந்த அதிர்வில் நுண்குமிழிகள் தோன்றி லைனரின் மேல் உடைகின்றன. ஒவ்வோர் உடைப்பும் சின்னஞ்சிறு சுத்தியல் அடி. நாளடைவில் லைனரில் ஊசித்துளை விழுந்து, நீர் எண்ணெயோடு கலக்கிறது. இந்த அடியைத் தாங்க லைனரின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குவது அந்தத் துருத்தடுப்பு மருந்தே.

கேனில் கெடுவது எது?

நன்றாக மூடிய கேனில் கிளைக்கால் பல ஆண்டுகள் கெடாது. அதனால்தான் ‘இது எண்ணெய் மாதிரி, கெட்டுப்போகாது’ என்ற நம்பிக்கை ஏற்பட்டது. ஆனால் மருந்து கெடும். மருந்து கெட்ட கூலண்ட், முளைப்புத்திறன் போன விதையைப் போன்றது. பார்வைக்கு விதைதான்; விதைத்தால் முளைக்காது.

மருந்து கெடும் வழிகள் நான்கு.

முதலாவது, வண்டலாதல். பழைய முறைக் கூலண்டுகளில் அலுமினியத்தைக் காக்கச் சிலிக்கேட் உப்பு சேர்ப்பார்கள். அதைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்க நிலைநிறுத்தும் பொருளும் சேர்த்திருப்பார்கள். காலம் செல்லச் செல்ல, சிலிக்கேட் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, வழவழப்பான கூழாகிக் கேனின் அடியில் தங்குகின்றன. மேலே இருப்பது மருந்தில்லாத கிளைக்கால்; அடியில் இருப்பது ரேடியேட்டரை அடைக்கும் கூழ். இரண்டாலும் பயனில்லை.

இரண்டாவது, காற்று. கிளைக்கால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. மூடி சரியில்லாத கேனில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்து ஈரமெல்லாம் உள்ளே போகும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் கரியமில வாயுவும் மெல்ல மெல்ல அதன் காரத்தன்மையைக் குறைக்கும். காரத்தன்மை குறைந்தால் அரிப்பைத் தடுக்கும் ஆற்றலும் குறையும்.

மூன்றாவது, வெப்பமும் வெயிலும். நம் சமவெளியில் கோடையில் நிழலிலேயே 40 டிகிரியை எட்டும் நாட்கள் உண்டு. தகரக் கூரை அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், கதவு சாத்திய அறையில், வெப்பம் இன்னும் கூடும். மேற்சொன்ன மாற்றங்கள் எல்லாம் வெப்பத்தில் விரைவாக நடக்கும். நேர் வெயில் சாயத்தையும் வெளுக்கச் செய்யும், கேனின் பிளாஸ்டிக்கையும் நொறுங்கச் செய்யும்.

நான்காவது, அழுக்கு. டீசல் ஊற்றிய புனல், மண் படிந்த குவளை, முன்பு மருந்து இருந்த டப்பா ஆகியவை வழியாகப் பிற பொருள்கள் கலக்கின்றன. ரேடியேட்டரிலிருந்து வடித்த பழைய கூலண்டைப் புதுக் கேனில் திருப்பி ஊற்றுவதும் இதே தவறுதான்.

எத்தனை காலம் வைக்கலாம்?

எல்லாக் கூலண்டுக்கும் ஒரே கெடு கிடையாது. கேனின் மேல் தயாரிப்பாளர் அச்சிட்டிருப்பதே முதல் விதி. அது அழிந்துபோயிருந்தால் கீழ்க்கண்டவற்றைப் பொது வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் சேர்ந்த பழைய முறைக் கூலண்ட்: முத்திரை உடையாத கேனில் தயாரித்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் என்று கொள்வது பாதுகாப்பு.

கரிம அமிலங்களை மருந்தாகக் கொண்ட, ‘நீண்ட ஆயுள்’ என்று விற்கப்படும் கூலண்ட்: முத்திரை உடையாமல், நிழலில் வைத்தால் பொதுவாக 5 ஆண்டுகள் வரை நிற்கும். சிலிக்கேட் இல்லாத வகை என்றால் கூழாகும் தொல்லையும் இல்லை.

திறந்த கேன், எவ்வகையானாலும்: மூடியை இறுக்கி வைத்தாலும் ஓராண்டுக்குள், அதாவது அடுத்த பருவ வேலைக்குள், முடித்துவிடுவது நல்லது.

பேட்டரித் தண்ணீர் போன்ற காய்ச்சி வடித்த நீரில் நாமே கலந்து வைத்தது: ஒரு பருவத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ கலந்தது: வைக்கவே கூடாது. கலந்த சில நாட்களிலேயே வண்டல் கட்டலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘5 ஆண்டு’ என்று கேனின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அது பெரும்பாலும் எஞ்சினுக்குள் உழைக்கும் காலத்தைக் குறிக்கும். கேனில் இருக்கும் காலம் வேறு. எஞ்சினுக்குள் இருக்கும் காலம் வேறு. மூன்று ஆண்டு கேனில் கிடந்ததை ஊற்றிவிட்டு, இனி ஐந்து ஆண்டு கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. அதுபோல, டிராக்டர் ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் ரேடியேட்டரில் உள்ள கூலண்டுக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். கைப்பிரதியில் சொன்ன மணிக்கணக்கு, ஆண்டுக்கணக்கு இவற்றில் எது முன்னால் வருகிறதோ, அன்று மாற்ற வேண்டும்.

பழைய கேனைச் சோதிக்கும் முறை

கையிலுள்ள கேன் நல்லதா என்று வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். இதற்கு ஒரு வெள்ளைக் கண்ணாடிப் புட்டியும், பள்ளிக்கூடச் சோதனைச்சாலையில் பயன்படுத்தும் அமிலகாரத் தாளும் போதும்.

கேனை ஆட்டாமல், மேலிருந்து சிறிது புட்டியில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கல் இல்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். நிறம் வெளுத்திருந்தாலோ பழுப்பேறியிருந்தாலோ ஐயம் கொள்ளுங்கள்.

அடுத்து, கேனைச் சாய்த்து அடியைப் பாருங்கள். லேசான வண்டல் இருந்தால் நன்றாகக் குலுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். கரைந்து தெளிந்தால் சரி. கூழாகவோ, வெண்மணலாகவோ, செதிலாகவோ மீண்டும் அடியில் தங்கினால் அது கெட்டது. துணியில் வடிகட்டி ஊற்றலாமே என்று நினைக்க வேண்டாம். வடிகட்டியில் நிற்பதுதான் மருந்து. வடிந்து வருவதில் மருந்து இல்லை.

மூன்றாவதாக, நீர் சேர்க்க வேண்டிய வகை என்றால், ஒரு பங்கு கூலண்டுடன் ஒரு பங்கு பேட்டரித் தண்ணீர் கலந்து ஓர் இரவு வையுங்கள். காலையில் கலங்கியிருந்தால் பயன்படுத்த வேண்டாம்.

நான்காவதாக, அமிலகாரத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். சொட்டின் நடுவில் சாயம் மறைக்கும். ஓரத்தைப் பார்த்து நிறத்தை ஒப்பிடுங்கள். நல்ல கூலண்ட் காரத்தன்மையுடன் 7.5-க்கு மேல் இருக்கும். 7-க்கு இறங்கிவிட்டால் அது எஞ்சினைக் காக்காது, அரிக்கத்தான் செய்யும்.

கடைகளில் மிதவைமானி வைத்துச் சோதித்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வார்கள். அது சொல்வது கிளைக்கால் எவ்வளவு என்பதை மட்டுமே. மருந்து மிச்சம் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. நெல்மூட்டையை எடை போட்டு முளைப்புத்திறனை அறிய முடியுமா? இதுவும் அப்படித்தான்.

இந்தச் சோதனைகளில் ஒன்றில் தவறினாலும் கேனை ஒதுக்கிவிடுங்கள். எல்லாவற்றிலும் தேறியும் கெடு தாண்டியிருந்தால், அவசரத்துக்கு ஒருமுறை குறைநிரப்ப மட்டும் பயன்படுத்தி, பருவ வேலை முடிந்ததும் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

பயிர் தாங்கும் நீரை ரேடியேட்டர் தாங்குமா?

கூலண்டோடு கலக்கும் நீரைப் பற்றி உழவியல் முறையில் ஒரு கணக்குப் பார்ப்போம். கூலண்டில் கலக்கும் நீருக்கு எஞ்சின் தயாரிப்பாளர்கள் வகுத்துள்ள எல்லைகளில் ஒன்று இது: ஒரு லிட்டரில் குளோரைடு 40 மில்லிகிராம், சல்பேட் 100 மில்லிகிராம், மொத்தக் கடினத்தன்மை 170 மில்லிகிராம், கரைந்த திடப்பொருள் மொத்தம் 340 மில்லிகிராம் ஆகியவற்றுக்கு மேல் போகக் கூடாது.

மண் ஆய்வுக்கூடத்தில் பாசன நீரைச் சோதித்தால் மின்கடத்துதிறனைக் குறித்துக் கொடுப்பார்கள். அந்த எண்ணை 640 ஆல் பெருக்கினால் ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்பு மில்லிகிராமில் ஏறத்தாழக் கிடைக்கும். உங்கள் கிணற்று நீரின் மின்கடத்துதிறன் 1.5 என்று வைத்துக்கொள்வோம். 1.5 × 640 = 960 மில்லிகிராம். இந்த நீரில் பருத்தி குறைவின்றி வளரும். ஆனால் ரேடியேட்டருக்கு உரிய எல்லையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு உப்பு இதில் இருக்கிறது! ரேடியேட்டருக்கு ஏற்ற நீர் 0.5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். நம் பகுதி ஆழ்துளைக் கிணறுகளில் இப்படிப்பட்ட நீர் கிடைப்பது அரிது.

கடினநீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் கூலண்டிலுள்ள பாஸ்பேட், சிலிக்கேட் மருந்துகளைப் பிடித்து வண்டலாக்கிவிடும். மருந்தும் வீணாகும், லைனரின் மேல் படிவும் ஏறும். அந்தப் படிவு இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். லைனருக்குப் போர்வை போர்த்தியது போலாகும்.

ஆகவே பேட்டரித் தண்ணீரே சிறந்தது. அது இல்லையேல், முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் திறந்த வெளியில் சுத்தமான பிளாஸ்டிக் பாத்திரத்தில் நேராகப் பிடித்த மழைநீர் நல்லது. 10 லிட்டர் கொள்ளும் ரேடியேட்டருக்கு இரண்டு குடம் கூட வேண்டியதில்லை. நீர் கலந்தே வரும் ஆயத்தக் கூலண்ட் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. அதில் மேற்கொண்டு நீர் சேர்க்கவும் கூடாது.

கலக்கும் அளவுக்கும் கேனில் எழுதியதே விதி. பனியில்லாத ஊர்தானே என்று மிகவும் நீர்க்க விட்டால் மருந்தின் அளவு குறைந்துபோகும். கெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது என்று நீரே சேர்க்காமல் ஊற்றுவதும் தவறு. கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். எஞ்சின் அதிகமாகச் சூடாகும்.

வாங்குவதும் வைப்பதும்

ஓராண்டுத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். நடுத்தர டிராக்டரின் குளிர்விப்பு அமைப்பு ஏறத்தாழ 8 முதல் 12 லிட்டர் கொள்ளும்; உங்கள் வண்டியின் கணக்கு கைப்பிரதியில் இருக்கும். முழுவதும் மாற்றும் ஆண்டில் அந்த அளவும், மற்ற ஆண்டுகளில் குறைநிரப்ப ஒரு லிட்டர் கேன் ஒன்றிரண்டும் போதும். பெரிய கேனில் மிச்சப்படுத்தும் பணம், பாதிக் கேன் கெட்டால் போய்விடும். பல பேர் சேர்ந்து பெரிய கேன் வாங்கி அன்றே பிரித்துக்கொள்வது வேறு. அது நல்ல யோசனையே.

வாங்கும்போது தயாரித்த மாதம், இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 5759, எந்த வகை, நீர் கலக்க வேண்டுமா வேண்டாமா என்ற நான்கையும் பாருங்கள். கடைவாசலில் வெயிலில் அடுக்கிய கேனை வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும், திறந்த நாளை அழியாத மையால் கேனின் மேல் எழுதுங்கள். பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வையுங்கள். கேனை நிமிர்த்தி, சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ஓட்டுக்கூரை அல்லது தளம் போட்ட அறையில், வெயில் படாத மூலை ஏற்றது. நாகமுலாம் பூசிய தகர வாளியிலோ டின்னிலோ ஊற்றி வைக்கவே கூடாது. கூலண்ட் நாகத்தை அரித்து வண்டல் உண்டாக்கும். நிறம் ஒன்றாக இருந்தால் வகையும் ஒன்று என்று எண்ணி இரண்டு கம்பெனிச் சரக்கைக் கலக்காதீர்கள். நிறம் சாயத்தால் வருவது. அதற்குப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை.

இனிக்கும் விஷம்

இனிச் சொல்லப் போவதை வீட்டிலுள்ள அனைவருக்கும் படித்துக் காட்டுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். பச்சை நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் சர்பத்தைப் போலவே இருக்கும். ஆனால் அது கொடிய விஷம். வளர்ந்த ஆளுக்கே ஏறத்தாழ 100 மில்லி உயிரைப் பறிக்கப் போதும். குழந்தைக்கு ஒன்றிரண்டு வாயே ஆபத்து. நாய், பூனை, கோழி, ஆடு, மாடு எதற்கும் இது ஆகாது. தரையில் சிந்தியதை நாய் நக்கினாலும் பிழைப்பது கடினம்.

உடலுக்குள் போன கிளைக்கால் ஈரலில் அமிலங்களாக மாறுகிறது. கடைசியில் உண்டாகும் ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து ஊசிப் படிகங்களாகிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். இதன் குடும்பத்தைச் சேர்ந்த டை எத்திலீன் கிளைக்கால் கலந்த இருமல் மருந்தால்தான் 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இந்த விஷம் எங்கோ தொலைவில் இருப்பதன்று. நம் மோட்டார் அறையிலும் இருக்கிறது.

ஆகவே மிச்சக் கூலண்டைக் குளிர்பானப் புட்டியிலோ தண்ணீர்ப் புட்டியிலோ ஊற்றி வைப்பது பெருந்தவறு. தாகத்தோடு வயலிலிருந்து வரும் ஆள் எதையும் பார்க்கமாட்டார். மாட்டுத்தீவனம், விதைநெல், தவிட்டு மூட்டை இருக்கும் அறையிலும் வேண்டாம். பூட்டு உள்ள இடமே ஏற்றது.

எவரேனும் குடித்துவிட்டால், முதலில் போதையில் தள்ளாடுவதுபோல இருக்கும்; பிறகு தெளிந்ததுபோலத் தோன்றும். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதாவது ஒன்று முதல் மூன்று நாளில்தான் வெளியே தெரியும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கைவைத்தியம் வேண்டாம். உடனே 108-ஐ அழைத்து, கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மாற்று மருந்தும், இரத்தச் சுத்திகரிப்பும் அங்கே உண்டு. முதல் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் பிழைக்க வைக்கலாம்.

கெட்ட கூலண்டை என்ன செய்வது? வாய்க்காலிலும் கண்மாயிலும் கிணற்று மேட்டிலும் கொட்டக் கூடாது. கிளைக்கால் நீரில் சிதையும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்லும். எஞ்சினில் ஓடிய கூலண்டில் ஈயமும் செம்பும் கலந்திருக்கும். மூடி இறுக்கிய கேனில் சேர்த்துவைத்து, பழைய எண்ணெயை வாங்கி முறையாக அப்புறப்படுத்தும் டிராக்டர் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். சிந்தியதை மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவைத்து அகற்றிவிட்டு, அந்த இடத்தைக் கழுவுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. கேனில் கெடுவது கிளைக்கால் அன்று. அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து.

2. முத்திரை உடையாத பழைய முறைக் கூலண்டுக்கு 2 ஆண்டு, நீண்ட ஆயுள் வகைக்கு 5 ஆண்டு வரை, திறந்த கேனுக்கு ஓராண்டு என்பது பொது விதி. கேனில் வேறு கெடு அச்சிட்டிருந்தால் அதுவே விதி.

3. கூழ், கலங்கல், கரையாத வண்டல், 7-க்கு இறங்கிய அமிலகார அளவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள்.

4. கிணற்று நீர் வேண்டாம். பேட்டரித் தண்ணீர் அல்லது சுத்தமாகப் பிடித்த மழைநீர்.

5. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஆறவிட்டுத் திறந்து, மெல்ல ஊற்றுங்கள்.

6. தேதி எழுதி, நிழலில், பூட்டிய இடத்தில் வையுங்கள். குடிக்கும் புட்டியில் ஒருபோதும் வேண்டாம்.

கோடை உழவுக்கு முன் ஒருமுறை, புரட்டாசி மழைக்கு முன் ஒருமுறை, ஆண்டுக்கு இருமுறை அந்தக் கேனை வெளிச்சத்துக்கு எடுத்துப் பாருங்கள். விதையை முளைப்புச் சோதனை செய்யும் அதே வாரத்தில் இதையும் செய்துவிட்டால் மறக்காது. எங்கள் சித்தப்பா இப்போது இரண்டையும் ஒரே நாளில்தான் பார்க்கிறார். விதைக்குக் கோணிச்சாக்கு, கூலண்டுக்குக் கண்ணாடிப் புட்டி.